நிலாவில் கிடக்கும் லென்ஸ், மெழுகுவத்திக்கு வந்த லென்ஸ், நாயின் பெயர் கொண்ட லென்ஸ்... தெரியுமா?

நாசாவுக்காகச் செய்த லென்ஸை வைத்து ஒரு சீட்டாட்டக் காட்சியை எடுத்திருக்கிறார்கள், தெரியுமா? ஸ்டான்லி கூப்ரிக் இயக்கி 1975இல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்தில்தான். கதை நடப்பது 18ஆம் நூற்றாண்டில். அந்தக் காலத்து மாளிகையில் மின்விளக்கு ஏது? மெழுகுவத்தி எரிந்தால் மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும்தான் முகத்தில் விழ வேண்டும், மறைவில் வேறு லைட் வைக்கக் கூடாது என்று கூப்ரிக் ஒரே பிடிவாதம். அன்று புழக்கத்தில் இருந்த சினிமா லென்ஸ்களுக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. தேடித் தேடி ஒன்றைப் பிடித்தார்: கார்ல் ஸைஸ் பிளானார் 50 மி.மீ., எஃப் 0.7!

எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலும், வெளிச்சம் கூடும். கல்யாண வீட்டில் படம் எடுக்கும் தம்பி, “1.4 லென்ஸ் வெச்சிருக்கேன் சார்” என்று பெருமையாகச் சொல்வாரே, அதைவிட இது 4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பூமியிலிருந்து நாம் பார்க்கவே முடியாத நிலாவின் மறுபக்கத்தைப் படம் பிடிப்பதற்காக நாசா கேட்டுச் செய்தது இது. மொத்தம் செய்ததே 10 லென்ஸ்தான். நாசா 6 வாங்கியது, கூப்ரிக் 3 வாங்கினார், மிச்சம் ஒன்றை ஸைஸ் நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டது.

வாங்கியாகிவிட்டது. மாட்ட வேண்டுமே? அதன் பின்கண்ணாடி ஃபிலிமிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்தில் நின்றால்தான் படம் விழும். எந்த சினிமா கேமராவிலும் அதற்கு இடமில்லை. எட் டிஜூலியோ என்ற கருவி நிபுணர் ஒரு மிட்செல் கேமராவின் உள்ளே கடைந்து இடம் பண்ணிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தக் கேமரா வேறு எந்த லென்ஸுக்கும் ஆகாது என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்தார். “பரவாயில்லை, செய்யுங்கள்” என்பதுதான் கூப்ரிக்கின் நிலை. அடுத்த தலைவலி ஃபோகஸ். இவ்வளவு அகலமாக வாயைத் திறந்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் விரல்கடைக் கணக்குதான். நடிகர் லேசாக முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். அதனால் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை நிறுத்தி, நடிகரின் தலை எங்கே இருக்கிறது என்று அதன் திரையில் பார்த்துப் பார்த்து ஃபோகஸைத் திருப்பினார்கள். அந்தக் காட்சிகளில் எல்லோரும் பழைய ஓவியத்துக்குள் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுகிறதே, அழகுணர்ச்சி ஒரு காரணம், அசைந்தால் கெட்டுவிடும் என்பது இன்னொரு காரணம்! ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.

நாசா என்றதும் நிலா. 1969இல் அங்கே நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங் கையாண்டது ஹாசல்பிளாட் கேமரா. அதில் ஸைஸ் பயோகான் 60 மி.மீ. லென்ஸ். விண்வெளிக் கவசத்துக்குள் இருக்கும் தலையால் வ்யூ ஃபைண்டரில் கண் வைக்க முடியாது. எனவே கேமராவை மார்பில் பொருத்திக்கொண்டு, உடம்பையே திருப்பிக் குறிபார்த்தார்கள். கூடவே நிலாவில் நடந்த ஆல்ட்ரினின் முகக்கண்ணாடியில் ஆம்ஸ்ட்ராங் சின்னதாகத் தெரிவாரே, அந்த உலகப் புகழ்பெற்ற படம் எடுத்தது இந்த லட்சணத்தில்தான்! திரும்பும்போது ஃபிலிம் பெட்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, கேமராவையும் லென்ஸையும் அங்கேயே போட்டுவிட்டார்கள். அந்த எடைக்கு நிலாக் கல் ஏற்றிக்கொள்ளலாம் அல்லவா? அப்போலோ பயணங்கள் முடிந்தபோது நிலாவில் 12 ஹாசல்பிளாட்கள். செகண்ட் ஹேண்டில் நல்ல லென்ஸ் தேடுபவர்கள் கவனிக்க.

சரி, பூமிக்கு வருவோம். ஆயுள் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே வகை லென்ஸில் உலகைச் சுற்றியவர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன். லைக்கா கேமரா, 50 மி.மீ. லென்ஸ், அவ்வளவுதான். கேமராவின் பளபளப்பு யார் கண்ணிலும் படக்கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு திரிந்தார். 1932இல் பாரிஸ் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை அவர் எடுத்த படம் தெரிந்திருக்கும். அது பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்தது. இடுக்கு லென்ஸின் அகலத்துக்குப் போதவில்லை, படத்தின் இடது பக்கம் மறைந்துவிட்டது. எடுத்த படத்தை வெட்டவே மாட்டேன் என்று இருந்த மனிதர், அபூர்வமாக வெட்டிய படங்களில் அது ஒன்று!

லைக்கா என்றால் நாய் வராமல் இருக்குமா? அந்த நிறுவனத்தின் தொடக்க கால லென்ஸ்களைக் கணக்கிட்டு உருவாக்கியவர் மாக்ஸ் பெரெக். அவருடைய ‘ஹெக்டார்’ லென்ஸுக்கு அந்தப் பெயர் வந்தது வீட்டு நாயிடமிருந்து என்று லைக்கா பிரியர்கள் காலம்காலமாகச் சொல்லி மகிழ்கிறார்கள். ரெக்ஸ் என்று இன்னொரு நாயும் இருந்ததாம், அதற்கு ‘சுமரெக்ஸ்’ லென்ஸ். குழந்தைகள் பெயரை வைப்பவர்கள்தான் அதிகம், இவர் நியாயவான்.

இப்போது ஒரு பெரிய ரகசியம். ‘வைடு லென்ஸில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும்’ என்று சொல்வார்கள். லென்ஸ் மூக்கை ஒன்றும் செய்வதில்லை, தெரியுமா? நீங்கள் நிற்கும் தூரம்தான் செய்கிறது! ஒரே இடத்தில் நின்று 24 மி.மீ. லென்ஸிலும் 100 மி.மீ. லென்ஸிலும் ஒரு முகத்தை எடுங்கள். முதல் படத்தில் முகம் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 24 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு முகத்தால் சட்டத்தை நிரப்ப நினைத்தால் ஆள் மேல் ஏறி நிற்க வேண்டும். கேமராவுக்கு அருகில் மூக்கு, தொலைவில் காது, அதனால் வந்த வினை. லென்ஸைத் தேர்ந்தெடுப்பது என்றால் எங்கே நிற்பது என்று தேர்ந்தெடுப்பது. ஆகவே ஒருவருடைய பையில் எந்த லென்ஸ் இருக்கிறது என்று தெரிந்தால், அவர் மனிதர்களிடம் எவ்வளவு நெருங்குவார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

நியூயார்க்கின் புரூஸ் கில்டன் 28 மி.மீ. லென்ஸோடு, கையில் ஃபிளாஷோடு, நடந்து வருகிறவரின் முகத்துக்கு நேரே பாய்வார். பார்க்கிற நமக்கே திடுக்கிடும். (எனக்கு இது பிடிப்பதில்லை. படங்களை மட்டும் மறக்க முடிவதில்லை.) செக் நாட்டின் யோசஃப் குடெல்கா 1960களில் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் குடியிருப்புகளில் 25 மி.மீ. லென்ஸோடு புழங்கினார். சின்ன வீடுகள், குறைந்த வெளிச்சம், ஒரே அறைக்குள் மொத்தக் குடும்பம். பின்னால் நகர இடமில்லாத அறையில் முழு வாழ்க்கையையும் சட்டத்துக்குள் கொண்டுவர அந்த அகலம் வேண்டியிருந்தது. வீட்டுக்குள் விட்டால்தான் எடுக்க முடியும், பழகினால்தான் விடுவார்கள்.

எதிர்முனையில் ஸ்டீவ் மெக்கரி. 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் பச்சைக் கண்களோடு நம்மை முறைக்கும் ஆப்கன் சிறுமியை அவர் எடுத்தது நிக்கோர் 105 மி.மீ., எஃப் 2.5 லென்ஸில். முகத்துக்கு இதமான தூரத்தில் நிற்க வைக்கும் லென்ஸ் அது. 1985 ஜூன் மாத ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ அட்டையில் வந்தது. அடுத்த அதிசயத்தைக் கேளுங்கள்: 2002இல் அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தபோது, ‘இவர்தானா அவர்?’ என்பதை உறுதிசெய்ய, கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் டாக்மன் பழைய படத்தில் பதிவான கருவிழி வரிகளைப் புதிய படத்தோடு கணினியில் ஒப்பிட்டார். பொருந்தின! ஆதார் மையத்தில் நம் கருவிழியைப் பதிவதற்கு அடிப்படையான நுட்பத்தை உருவாக்கியவரும் இதே டாக்மன்தான்.

பொய் லென்ஸ் உண்டு, தெரியுமா? நியூயார்க் தெருக்களில் 1916இல் பால் ஸ்ட்ராண்ட் தன் கேமராவின் பக்கவாட்டில் பித்தளை மின்னும் ஒரு போலி லென்ஸை மாட்டிக்கொண்டார். எல்லோரும் அது பார்க்கும் திசையைப் பார்த்து, ‘நம்மை எடுக்கவில்லை’ என்று இயல்பாக இருப்பார்கள். நிஜ லென்ஸ் வேறு திசையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு வாக்கர் எவன்ஸ் 1938இல் சுரங்க ரயிலில் ஏறினார். கோட்டின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் எட்டிப்பார்க்கும், ஷட்டரை இயக்கும் வடம் கைச்சட்டைக்குள் ஓடும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. எடுத்தது 1938 முதல் 1941 வரை, புத்தகமாக வந்தது 1966இல்.

போலீஸ் கேமராவில் கலை செய்தவரும் உண்டு. லண்டனின் பில் பிராண்ட், 1940களில் பழைய கடை ஒன்றில் ஒரு மரக் கேமராவை வாங்கினார். குற்றம் நடந்த அறையை மூலை முடுக்கு விடாமல் பதிவு செய்யப் போலீசார் பயன்படுத்திய வகை. மிக அகலமான லென்ஸ், ஊசிமுனைத் துவாரம். பின்னால் கண் வைத்தால் எதுவும் சரியாகத் தெரியாது. அவருக்கு அதுதான் பிடித்தது! தான் பார்ப்பதை விட்டுவிட்டு, லென்ஸ் என்ன பார்க்கிறதோ அதை ஏற்றுக்கொண்டார். பாதம் மலையாகவும் காது பாறையாகவும் நீளும் அந்தப் படங்கள் 1961இல் நூலாக வந்தபோது, பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஓவியம் வரைகிறவர் தூரிகையைக் கணக்குப் போட்டா செய்கிறார்? முகங்களுக்கென்று பிறந்த முதல் லென்ஸைக் கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள், அதுவும் பீரங்கிப் படை வீரர்கள் துணையோடு! 1839இல் ஒளிப்படக் கலை அறிவிக்கப்பட்டபோது, படம் எடுத்துக்கொள்ள நிமிடக்கணக்கில் சிலையாக உட்கார வேண்டும். வியன்னா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் யோசஃப் பெட்ஸ்வால் இதற்கு வழி தேடினார். ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கண்ணாடியிலும் எப்படி வளையும் என்று கையாலேயே கணக்குப் போட வேண்டிய காலம். குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டுப் பழகிய பீரங்கி வீரர்களை ஆர்ச்டியூக் லுட்விக் அனுப்பிவைத்தார். மாதக்கணக்கில் கணக்கு. 1840இல் லென்ஸ் தயார். நிமிடங்கள் நொடிகளாகச் சுருங்கின. ஃபோய்க்ட்லாண்டர் நிறுவனம் செய்து விற்றது, பெரும் பணம் பார்த்தது. பெட்ஸ்வாலுக்கோ கொஞ்சம் தொகையும் நிறைய மனக்கசப்பும். 1859இல் அவர் வீட்டுக்குள் யாரோ புகுந்து ஆய்வுக் குறிப்புகளை அழித்துவிட்டார்கள் என்பது கொடுமையின் உச்சம்.

அந்த லென்ஸில் ஒரு குறை இருந்தது. நடுவில் முகம் கூர்மையாக இருக்கும், ஓரத்தில் பின்னணி சுழன்று சுழன்று மங்கும். அதை நீக்கத்தான் அடுத்த தலைமுறைகள் பாடுபட்டன. 2013இல் என்ன நடந்தது தெரியுமா? அந்தச் சுழலுக்காகவே பெட்ஸ்வால் லென்ஸைப் பித்தளையில் மறுபடி செய்து விற்றார்கள், ஆர்வலர்கள் முன்பணம் கட்டி வாங்கினார்கள். இதே சுழல் வித்தைக்காகப் பழைய சோவியத் ‘ஹீலியோஸ் 44’ லென்ஸையும் இன்று தேடி வாங்குகிறார்கள். சோவியத் நாட்டில் சாதாரண ஜெனித் கேமராவோடு சேர்ந்து வந்தது அது. 2022இல் வந்த ‘தி பேட்மேன்’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் அதையும் மாட்டிப் படமெடுத்தார்.

குறையைக் கொண்டாடியவர்களில் முதல் மரியாதை ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு. கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள், 1863இல். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், வீட்டுக் கோழிக்கூட்டை ஸ்டுடியோவாக்கிவிட்டார் அம்மையார்! மற்றவர்கள் முடி முடியாகத் தெரியும்வரை ஃபோகஸைத் திருகுவார்கள். இவரோ தன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவார், அது மங்கலாக இருந்தாலும். ஒளிப்படச் சங்கத்துப் பெரியவர்கள் ‘இவருக்கு ஃபோகஸ் பண்ணவே தெரியவில்லை’ என்று சிரித்தார்கள். இன்று அவர்கள் பெயரை யார் தேடுகிறார்கள்? டென்னிசன், டார்வின் என்றதும் நம் மனதில் வரும் முகங்களில் கேமரன் எடுத்தவையும் உண்டு. கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள். 1875இல் இருவரும் அங்கேயே குடிபோனார்கள். ஊர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் அங்கே படம் பிடித்தார். மலையகத் தோட்டங்களில் அன்று உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து போன தமிழர்கள். 1879இல் இறந்த அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

லென்ஸில் கீறல் விழுந்தால் நெஞ்சில் கீறல் விழுந்ததாகத் துடிப்பவர்களுக்கு ஒரு மருந்து: கறை படிந்த பழைய லென்ஸ் புது லென்ஸைவிட அதிக வெளிச்சத்தை விடும்! 1890களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் கவனித்தது இது. காலப்போக்கில் கண்ணாடி மேல் இயற்கையாகப் படிந்த மெல்லிய படலம், ஒளி பட்டுப் பிரதிபலிப்பதைக் குறைக்கிறது. 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா அந்தப் படலத்தைச் செயற்கையாகப் பூசும் வழியைக் கண்டார். இன்று லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அது அந்தப் பரம்பரைதான். நல்ல லென்ஸை வேண்டுமென்றே கெடுப்பவர்களும் உண்டு. லென்ஸின் பின்புறம் பெண்கள் அணியும் மெல்லிய காலுறையை இழுத்துக் கட்டி, விளக்குகளைச் சுற்றி ஒளி கசியச் செய்வது ஹாலிவுட்டில் பழைய வித்தை. ஜப்பானின் ஹிரோஷி சுகிமோட்டோ இன்னும் ஒரு படி மேலே போனார். புகழ்பெற்ற கட்டடங்களை எடுக்கும்போது ஃபோகஸை முடிவிலியையும் தாண்டித் தள்ளி, முழுப் படத்தையும் மங்கடித்தார். அத்தனை மங்கலிலும் அடையாளம் தெரிந்தால்தான் அது நல்ல கட்டடமாம்!

கதிர்வீச்சு உள்ள லென்ஸ் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு காலத்தில் கண்ணாடியின் திறனைக் கூட்டத் தோரியம் ஆக்சைடு சேர்த்தார்கள். கெய்கர் கருவியை அருகில் வைத்தால் கடகடவென்று கத்தும். பழைய பென்டக்ஸ் ‘சூப்பர் டாக்குமார்’ 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்களில் பல இந்த ஜாதி. வயதாக ஆக மஞ்சளடிக்கும். வைத்தியம் ரொம்ப எளிது, நாட்கணக்கில் வெயிலில் வைத்தால் மஞ்சள் வடியும். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து படம் பிடிக்கச் செய்த கோடாக்கின் ‘ஏரோ எக்டார்’ லென்ஸிலும் தோரியம் உண்டு. அமெரிக்காவின் டேவிட் பர்னெட் அந்தத் தடியனைப் பழைய ஸ்பீட் கிராஃபிக் கேமராவில் மாட்டிக்கொண்டு ஒலிம்பிக் மைதானத்துக்குள் நுழைவார். பக்கத்தில் எல்லோரும் நொடிக்குப் பத்துப் படம் சுட்டுத் தள்ள, இவர் ஒவ்வொரு ஃபிலிம் தகடாகச் செருகி எடுப்பார். அவர் படங்கள் தனியாகத் தெரியும்.

ஜப்பான் லென்ஸ்களுக்கு உலகப் பெயர் வந்தது ஒரு விளையாட்டான ‘கிளிக்’கால். 1950இல் டோக்கியோவில் ‘லைஃப்’ இதழின் டேவிட் டக்ளஸ் டங்கனை, ஜுன் மிக்கி என்ற இளம் ஒளிப்படக் கலைஞர் நிக்கோர் 85 மி.மீ. லென்ஸில் சும்மா ஒரு படம் எடுத்தார். அச்சிட்ட படத்தின் கூர்மையைப் பார்த்து டங்கனுக்கு ஆச்சரியம். நேரே தொழிற்சாலைக்கே போய்த் தன் ஜெர்மன் லென்ஸ்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிக்கோர்களை வாங்கிக்கொண்டார். சில நாட்களில் கொரியப் போர் மூண்டது. அங்கிருந்து அவர் அனுப்பிய படங்களைப் பார்த்து, ‘இது என்ன லென்ஸ்?’ என்று அமெரிக்காவே கேட்டது.

ஒரே லென்ஸ் மூன்று லென்ஸாக மாறும் மாயத்தை வைத்திருந்தவர் ஆன்சல் ஆடம்ஸ். குக் நிறுவனத்தின் அந்த லென்ஸில் முன்பாதி, பின்பாதி என்று கழற்றிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குவியத் தூரம். 1941இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் கிராமத்தைக் காரில் கடக்கும்போது, கல்லறைச் சிலுவைகள் மேல் அந்தி வெயில், மேலே நிலா! பிரேக் போட்டு இறங்கி, பெட்டிகளை உருட்டிப் புரட்டி, பெரிய கேமராவை நிறுத்தி, லென்ஸில் ஒரு பாதியை மட்டும் மாட்டினார். வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் காணோம்! நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவுக்கு வந்தது. மனக்கணக்கு. எஃப் 32, ஒரு நொடி. கிளிக். இரண்டாவது படத்துக்குத் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், எடுத்த தேதியை மனிதர் குறித்து வைக்கவில்லை, ஆளுக்கொரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் படத்தில் நிலா நிற்கும் இடத்தை வைத்து வானியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: 1941 நவம்பர் 1, மாலை 4.49!

பனித்துகளுக்கு லென்ஸ் மாட்டியவர் ஒரு விவசாயி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி தன் 19 வயதில், 1885 ஜனவரி 15 அன்று, நுண்ணோக்கியைக் கேமராவோடு இணைத்துப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும் பொருள் அது. பறவை இறகால் ஒற்றி எடுத்து வைப்பாராம். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படிகங்கள்.

பெரிய லென்ஸ் என்றால் எவ்வளவு பெரிசு? 2006இல் ஸைஸ் நிறுவனம் வனவிலங்குப் படங்களில் பைத்தியமான ஒரு வாடிக்கையாளருக்காக 1700 மி.மீ. லென்ஸ் ஒன்றைச் செய்தது. எடை 256 கிலோ! நிக்கானின் 6 மி.மீ. மீன்கண் லென்ஸ் 220 டிகிரி பார்க்கும், அதாவது தனக்குப் பின்னால் இருப்பதும் அதற்குத் தெரியும். 5.2 கிலோ எடையுள்ள அதைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்தால் உங்கள் கால் கட்டாயம் படத்தில் வரும்.

காசு கொடுத்து வாங்கிய பிரம்மாண்டங்கள் இவை. சென்னையில் இருந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தானே ஒரு பிரம்மாண்டத்தை ஒட்டுப்போட்டுக்கொண்டார். கேமரா உடம்பு ஓரிடம், லென்ஸ் வேறிடம், தூக்கவே தெம்பு வேண்டும். செல்லப் பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. வண்ணப்பட மோகம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை அவர் விடவில்லை. பளபளக்கும் புதுக் கருவிகள் எதிரே வந்தாலும் அசரவில்லை. தென்னிந்தியக் காடுகளில் வளர்ப்பு யானையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்த ஒட்டுக் கருவியால் காட்டு யானைகளைப் படம் பிடித்தார் மனிதர்!